வெள்ளனப் பிளேனுக்கு மாறலாமா?

அதிகாலை நாலரைக்கு என் போன் அடித்தால் இரண்டில் ஒன்றுதான். ஊரில் யாருக்கோ ஏதோ நடந்திருக்கும். இல்லாவிட்டால் கொழும்புப் பக்கத்துக் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் யாரோ பஸ்ஸால் இறங்கியிருப்பார்கள். போன மாதம் அடித்தது இரண்டாவது வகை. மாமி.

“தம்பி, இஞ்ச போர்ட்டில சென்னைக்கு ஏழே முக்காலுக்கும் ஒண்டு போட்டிருக்கு. என்ர ரண்டு இருபதுக்கெல்லோ. சும்மா குந்திக்கொண்டு இருக்காமல் அதிலயே ஏறலாமோ?”

யாழ்ப்பாணத்தில் ரிக்கெற் போடும் வேலையில் இருப்பவனுக்கு இது பழகிய கேள்வி. விமானம் எத்தனை மணிக்கு என்றாலும் நாங்கள் போய்ச் சேருவது பஸ் இறக்கிவிடுகிற நேரத்துக்குத்தான். இரவு எட்டு, ஒன்பதுக்கு வெளிக்கிடுகிற பஸ் புத்தளம் பாதையால் ஓடி, விடியப்புறம் நீர்கொழும்புப் பக்கம் இறக்கிவிடும். மத்தியான விமானத்துக்குப் பகல் பஸ் எடுத்தால் நேரம் காணாது. அதனால் இரவு பஸ், பிறகு எட்டுப் பத்து மணித்தியாலம் இரும்புக் கதிரை. செக்-இன் மண்டபத்துக்குள்ளும் நினைத்த நேரத்துக்கு விடமாட்டார்கள். வெளியே இருந்து அந்தப் பெரிய போர்டைப் பார்த்துக்கொண்டிருந்தால் யாருக்கும் ஆசை வரும்.

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தியில் ஒரு மினிபஸ்ஸை விட்டு அடுத்ததில் ஏறுகிற மாதிரி இல்லை இது. ஆனால் சில நேரம், சரியான ரிக்கெற் கையில் இருந்தால், கிட்டத்தட்ட அவ்வளவு சுகமும்தான். எப்போது எது என்பதில்தான் எல்லாரும் தடுமாறுகிறார்கள்.

முதலில் எங்கள் யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையக் கதையை முடித்துவிடுகிறேன், ஏனென்றால் பலாலியில் இந்தக் கேள்விக்கே பெரிதாக இடமில்லை. 2019 ஒக்டோபர் 17 சர்வதேச விமான நிலையமாகத் திறந்தார்கள். கொரோனாவோடு 2020இல் நின்றது. 2022 டிசம்பர் 12 மறுபடி சென்னை விமானம் வந்தது. 2024 செப்டெம்பரில் இன்டிகோவும் சென்னைக்குப் பறக்கத் தொடங்கியது, 2025 மார்ச் கடைசியில் திருச்சியும் சேர்ந்தது. எல்லாம் ஏ.ரீ.ஆர். 72, எழுபது எண்பது பேர் கொள்கிற காற்றாடி விமானம். ஒரு ஊருக்கு ஒரு நாளில் ஒன்று, மிஞ்சினால் இரண்டு. முந்திய விமானம் என்று ஒன்று இருந்தால்தானே மாறுவது? “சென்னை ரிக்கெற்றைத் திருச்சிக்கு மாத்தி வெள்ளனப் போகலாமோ” என்று கேட்பவர்கள் உண்டு. அது விமானம் மாறுவது அல்ல, பாதை மாறுவது. அன்றைய நாள் மாற்றம் என்று விமான நிறுவனங்கள் சலுகையாகத் தருவதெல்லாம் புறப்படும் ஊரும் இறங்கும் ஊரும் அதேயாக இருந்தால் மட்டும்தான். திருச்சிக்கு என்றால் ரிக்கெற்றைப் புதிதாகக் கணக்குப் பார்த்து மறுபடி வெட்ட வேண்டும்.

ஆகவே இந்தக் கதை கட்டுநாயக்கா, சென்னை, துபாய் போன்ற, ஒரே இடத்துக்கு நாளுக்குப் பல விமானம் போகிற இடங்களுக்கானது. அங்கே உங்கள் முன்னால் இருக்கிற வழிகளைப் பார்ப்போம்.

காசு கட்டி, இருக்கையை உறுதிசெய்து மாறுவது

நேரான வழி இதுதான். நிறுவனத்தின் செயலியிலோ கவுன்ரரிலோ கேட்கிறீர்கள், அவர்கள் ஒரு தொகை சொல்கிறார்கள், கட்டினால் புதிய விமானத்தில் இருக்கை உங்களுடையது. சந்தேகம் இல்லை, காத்திருப்பு இல்லை.

அந்தத் தொகைக்குள் இரண்டு கணக்கு இருக்கிறது. பலர் ஒன்றைத்தான் கேட்டுவிட்டு வருவார்கள். முதலாவது மாற்றுக் கட்டணம்; அது ரிக்கெற்றின் நிபந்தனையிலேயே எழுதியிருக்கும். இரண்டாவது விலை வித்தியாசம். வெடி இருப்பது இங்கேதான். ஒரே எகானமிக்குள்ளேயே பத்துப் பன்னிரண்டு விலைத்தட்டு உண்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு எழுத்து. நீங்கள் இரண்டு மாதம் முன்பு மலிவான எழுத்தில் வாங்கியிருப்பீர்கள். இன்று காலை ஏழே முக்கால் விமானத்தில் இருக்கை இருக்கும், ஆனால் அந்த மலிவான எழுத்து எப்போதோ மூடியிருக்கும். திறந்திருப்பது கடைசி நேரத்து விலைத்தட்டு மட்டும். “மாத்த கட்டணம் இல்லை எண்டு விளம்பரத்தில போட்டிருந்தவங்கள்” என்று சண்டைக்குப் போகிறவர்களுக்கும் இதுதான் நடக்கிறது. கட்டணம் இல்லைதான், வித்தியாசம் இருக்கிறது.

ஒரு கணக்குக்குச் சொல்கிறேன். ரிக்கெற் 45 ஆயிரம் ரூபாவுக்கு வாங்கியது, மாற்றுக் கட்டணம் 10 ஆயிரம், இன்றைய விலை 70 ஆயிரம் என்று வையுங்கள். நீங்கள் கட்டுவது 10 அல்ல, 35 ஆயிரம். ஆறரை மணித்தியாலம் முந்துவதற்கு அது பெறுமதியா என்பது அங்கே உங்களுக்கு என்ன காத்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

இன்னொரு முடிச்சு, ரிக்கெற் யாரிடம் வாங்கியது என்பது. என்னைப் போன்ற ஏஜென்சியிலோ, ஒன்லைன் தளம் ஒன்றிலோ வாங்கியிருந்தால், கவுன்ரரில் இருப்பவர் “உங்கட ஏஜென்டிட்டக் கேளுங்கோ” என்று கையை விரிக்க வாய்ப்பு அதிகம். பயணத் தினத்தில் பல நிறுவனங்கள் தாங்களே செய்து தருவார்கள், சிலர் தரமாட்டார்கள். நான் அதிகாலை நாலரைக்கு எழும்புவேன். எங்கோ வெளிநாட்டில் இருக்கிற ஒன்லைன் தளத்தின் போன் லைனில் பாட்டுத்தான் எழும்பும்.

போன வருடம் எனக்கே பட்டது. சென்னைக்குப் போகையில் முந்திய விமானத்துக்கு மாறினேன், கட்டணம் கட்டினேன், பெருமையாக வரிசையில் நின்றேன். பழைய விமானத்துக்கு 10 கிலோ மேலதிகப் பொதி முற்கூட்டியே வாங்கி வைத்திருந்தது புதிய பதிவுக்கு வரவில்லை. கவுன்ரரில் விமான நிலைய விலைக்கு மறுபடி கட்டினேன். சாப்பாடு, கால் நீட்டுகிற இருக்கை, மேலதிகக் கிலோ, எல்லாம் தனித்தனியாக விமானத்தோடு ஒட்டியிருப்பவை. ரிக்கெற் நகர்ந்தால் அவையும் கூட நகரும் என்று இல்லை. ரிக்கெற் விற்கிறவனுக்கே இந்தக் கதி. அதோடு முடியவில்லை. ஒன்பதரைக்கே சென்னையில் இறங்கிவிட்டேன்; ஹோட்டல் அறை பன்னிரண்டு மணிக்குத்தான் என்றார்கள். கட்டுநாயக்காவில் இருந்திருக்க வேண்டிய அதே நேரத்தை சென்னை ஹோட்டல் வரவேற்பறையில் இருந்தேன், காசும் கட்டி.

ஸ்ராண்ட்பை

அமெரிக்காவில் இருக்கிற மச்சான் ஒருவன் இதைப் பற்றிப் பெரிதாகக் கதைப்பான். “அங்க போன்ல ஒரு அழுத்துத்தான், லிஸ்ற்றில போடுவாங்கள், இடம் வந்தா ஏறலாம், ஒரு சதமும் இல்லை.” அவன் சொல்வது அவன் ஊருக்குச் சரி. யுனைடெட் என்ற விமான நிறுவனம் 2021 ஜனவரியில் இருந்து எல்லாப் பயணிகளுக்கும் அன்றைய நாள் ஸ்ராண்ட்பையை இலவசமாக்கியது. டெல்ராவில் உறுதிசெய்த அன்றைய நாள் மாற்றத்துக்கு 75 டொலர் என்று பல காலமாக இருந்தது. புறப்படுவதற்கு 24 மணித்தியாலத்துக்குள் கேட்க வேண்டும். ஒரே நகரத்துக்கு மணிக்கொரு விமானம் பறக்கிற உள்நாட்டுச் சேவைக்காகச் செய்த ஏற்பாடு அது. கையில் ஒரு முதுகுப்பை மட்டும் வைத்திருக்கிற அலுவலகக்காரருக்குச் சொல்லி வைத்தது.

எங்கள் பக்கத்துச் சர்வதேச விமானங்களுக்கு அதை அப்படியே கொண்டுவர முடியாது. காரணம் பெட்டி. அமெரிக்க உள்நாட்டில் ஆள் ஒன்றிலும் பெட்டி இன்னொன்றிலும் போவது உண்டு. சர்வதேச விமானத்தில் ஆள் ஏறவில்லை என்றால் பெட்டியை இறக்க வேண்டும் என்பது விதி. அந்த விதிக்குப் பின்னால் ஒரு கொடுமை இருக்கிறது. 1985 ஜூன் 23 ஏர் இந்தியா 182 அயர்லாந்துக்கு அப்பால் அட்லாண்டிக் கடலுக்கு மேலே வெடித்து 329 பேர் செத்துப்போனார்கள். குண்டு இருந்த பெட்டியை வான்கூவரில் ஒப்படைத்தவன் விமானத்தில் ஏறவேயில்லை. அவனுக்கு ரொறன்ரோ வரைதான் இருக்கை உறுதி. அதற்கு மேல் காத்திருப்புப் பட்டியல். இருந்தும் பெட்டியைக் கடைசிவரை அனுப்பச் சொல்லிக் கவுன்ரரில் அடம்பிடித்தான். பின்னால் வரிசை நீண்டுகொண்டு போனது, அங்கிருந்தவர் விட்டுக்கொடுத்தார். இன்று கவுன்ரரில் ஒரு பிள்ளை “பெட்டி போட்டிட்டீங்கள், இனி மாத்தேலாது” என்று முகத்தைச் சுளிக்கும்போது, அது திமிர் என்று நினைக்க எனக்கு வருவதில்லை.

போட்ட பெட்டியைத் திருப்பி எடுப்பதும் இலேசான வேலை இல்லை. பட்டியில் ஓடி உள்ளே போன சூட்கேஸ், ஸ்கானரைத் தாண்டி, தள்ளுவண்டியில் நூறு பெட்டிகளோடு ஏறி நிற்கும். வால்போலத் தொங்குகிற அந்தச் சீட்டில் இருக்கிற பத்து இலக்கத்தை வைத்து ஒருவர் போய்த் தேட வேண்டும். மாமியின் சூட்கேஸில் சிவப்புத் துணி கட்டியிருக்கும் என்று நான் சொல்லலாம். யாழ்ப்பாணத்தில் இருந்து வருகிற பெட்டியில் பாதிக்குச் சிவப்புத் துணிதான்.

ஆகவே கையில் கொண்டுபோகிற பை மட்டும் என்றால் கேட்டுப் பாருங்கள், ஒன்றும் குறையாது. பெட்டி இருந்தால், கேட்பதைப் பெட்டி போடுவதற்கு முன்னால் கேளுங்கள். இமிக்கிரேசனில் முத்திரை குத்தி உள்ளே போனபிறகு என்றால் இன்னும் சிக்கல். போடிங் பாஸ் மாற வேண்டும், அதோடு குத்திய முத்திரையையும் பார்க்க வேண்டி வரலாம். டியூட்டி ஃப்ரீயில் சொக்லேற் வாங்கிக்கொண்டு நிற்கையில் வருகிற யோசனை அநேகமாகப் பிந்திய யோசனை.

புதிய ரிக்கெற் வாங்கிவிடுவது

இதைச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள், குறிப்பாக வெளிநாட்டில் இருந்து வருகிறவர்கள். மாற்றச் சொன்னால் 35 ஆயிரம், வேறு நிறுவனத்தின் மலிவு விமானத்தில் புதிதாக வாங்கினால் 28 ஆயிரம் என்று போனில் காட்டும். கணக்குச் சரிதான். ஆனால் பழைய ரிக்கெற் போய்வருகிற ரிக்கெற்றா என்று பாருங்கள். போகிற பகுதியில் ஏறாவிட்டால் திரும்பி வருகிற பகுதியையும் அநேக நிறுவனங்கள் தாமாக நீக்கிவிடும். மூன்று கிழமை கழித்து சென்னையில் வரிசையில் நிற்கும்போதுதான் தெரியவரும். ஒருவழி ரிக்கெற் என்றால் மட்டும் இந்த வழி. அப்போதும் பழையதை விட்டுப்போகாமல், புறப்படுவதற்கு முன்னரே ரத்துச் செய்யச் சொல்லுங்கள். விமானநிலைய வரியாவது சில வேளை திரும்பி வரும்.

அவர்களே குழப்பினால்

உங்கள் விமானத்தை அவர்கள் பிந்தவைத்தாலோ ரத்துச் செய்தாலோ, அதுவரை சொன்ன கட்டணம், வித்தியாசம், எழுத்து எல்லாம் பெரும்பாலும் காற்றில் போகும். கேட்கிற ஆளுக்கு இருக்கிற இருக்கையைத் தருவார்கள். மாரி காலத்தில், ஒக்டோபரில் இருந்து டிசம்பர் வரை, இதைக் கொஞ்சம் மனதில் வைத்திருப்பது நல்லது. 2023 டிசம்பர் 4 மிக்ஜாம் புயலில் சென்னை விமான நிலையம் முழுக்க மூடியது. அப்படியான நாட்களில் முதல் நாளே பல நிறுவனங்கள் “வேணுமெண்டா மாத்திக்கொள்ளுங்கோ, காசு இல்லை” என்று அறிவிப்புப் போடுவார்கள். அது வந்தவுடன் மாறுங்கள், யோசிக்க வேண்டாம். அந்த நாளில் முந்திய விமானம் என்பது வசதிக்கு அல்ல. பிந்தியது பறக்காமலே போகலாம். (நாகபட்டினம் – காங்கேசன்துறைக் கப்பல் இருக்கிறதே என்பீர்கள். அதே காற்றில் கப்பலும் கரையில்தான் நிற்கும்.)

சும்மா இருப்பது

காசு செலவில்லை. அலுப்பு மட்டும்.

சரி, எதை எப்போது எடுப்பது? எனக்கு இரண்டு மாதத்துக்குள் வந்த இரண்டு போன்களைச் சொல்கிறேன், வித்தியாசம் தெரியும்.

லண்டனில் இருந்து சித்தப்பாவின் மகன் குடும்பமாக வந்தான், திருவிழாவுக்கு. லண்டன் – துபாய் – சென்னை ஒரு ரிக்கெற், சென்னை – பலாலி வேறு ரிக்கெற். நான் முதலிலேயே வேண்டாம் என்று சொன்ன ஏற்பாடு, கேட்கவில்லை. தனித்தனி ரிக்கெற் என்றால் பெட்டி சென்னையோடு நின்றுவிடும். இந்திய விசாவோடு வெளியே வந்து, பெட்டியை எடுத்து, மறுபடி செக்-இன் செய்ய வேண்டும். முதல் விமானம் பிந்தினால் இரண்டாவது நிறுவனத்துக்கு உங்கள் மேல் ஒரு கடமையும் இல்லை. துபாயில் இருந்து எனக்கு மெசேஜ்: அவன் விமானம் சென்னை சேர்ந்தால் பலாலி விமானத்துக்கு மூன்று மணித்தியாலம்தான் இருக்கும், முந்திய விமானம் ஒன்றில் நாலு இருக்கை இருக்கிறது, கேட்கிற காசு கூட, என்ன செய்ய?

கட்டு என்றேன். காரணம் பலாலி விமானம் அன்றைக்கு அது ஒன்றுதான். அதை விட்டால் சென்னையில் ஒரு இரவு, நாலு பேருக்கு ஹோட்டல், அடுத்த நாள் இருக்கை இருக்குமோ தெரியாது. இல்லாவிட்டால் சென்னையில் இருந்து கட்டுநாயக்கா, பிறகு எட்டு மணித்தியாலம் பஸ், சின்னப் பிள்ளைகளோடு. துபாயில் கட்டுகிற காசு அந்த ஒற்றை விமானத்துக்கான காப்புறுதி. பெட்டிகள் துபாயில் மாறி ஏற நேரம் இருக்கிறதா என்று மட்டும் கவுன்ரரில் கேட்கச் சொன்னேன். இருந்தது, அவர்கள் சீட்டை மாற்றித் தந்தார்கள். நாலு பேரும் ஒரே பி.என்.ஆர். இலக்கத்தில், அதாவது ஒரே பதிவில், இருந்ததும் நல்லதாய்ப் போயிற்று. நாலு பேரில் மூன்று பேருக்குத்தான் இடம் என்று வந்திருந்தால் பதிவைப் பிரிக்க வேண்டும். அப்புறம் ஒருவருக்கு ஏதும் நடந்தால் மற்றவர்களோடு அவரை யாரும் சேர்த்துப் பார்க்க மாட்டார்கள். வயதானவர்களோடு போகிறவர்கள் பதிவைப் பிரிக்கச் சொன்னால் நான் எப்போதும் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

மாமியின் கதை வேறு. சென்னையில் அவரைக் கூட்டிப்போக வருகிறவள் மகள். அவள் வேலை முடித்து மூன்றரைக்குத்தான் விமான நிலையத்துக்கு வருவாள். ஆஸ்பத்திரி அப்பொயின்ட்மென்ட் மறுநாள். ரயிலும் இல்லை. இறங்கியபின் அடுத்து பிடிக்க வேண்டியது எதுவும் இல்லாதவருக்கு வெள்ளனப் போய் என்ன? ஆறரை மணித்தியாலத்தைக் கட்டுநாயக்காவில் இருக்கிறதா, சென்னையில் இருக்கிறதா என்பதுதான் மிச்சம். சென்னையில் வெயில் அதிகம். கட்டுநாயக்காவில் புட்டுப் பார்சல் கையில் இருக்கிறது.

போனில் பார்த்தேன். ஏழே முக்கால் விமானத்தில் மலிவான எழுத்தெல்லாம் மூடிவிட்டது. சொன்னேன்.

“எவ்வளவு வரும்?”

சொன்னேன்.

கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. பிறகு, “அந்தக் காசுக்கு நான் நல்லூரில ரண்டு சாறி வாங்குவன்” என்று போனை வைத்துவிட்டார்.

ஏன் பலாலியால் போகவில்லை என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். சின்ன விமானத்தில் அவருடைய சாமான் கணக்கு சரிவராது. ஒடியல் மா, புழுக்கொடியல், மிளகாய்த்தூள், வடகம், பனங்கட்டி, பேரப்பிள்ளைக்குக் கறுத்தக்கொழும்பான் மாம்பழம் ஒரு பெட்டி. கட்டுநாயக்கா ரிக்கெற்றில் 30 கிலோ இருந்தது. அதற்கு மேல் 5 கிலோ நான்தான் முதல்நாள் வாங்கிப் போட்டிருந்தேன், இரண்டு இருபது விமானத்துக்கு.

பதினொன்று நாற்பதுக்கு மறுபடி போன்.

“தம்பி, கவுன்ரரில நிக்கிறன். முப்பத்தெட்டுக் கிலோ எண்டு சொல்லினம். மாம்பழத்தை எடுக்கவோ, மாவை எடுக்கவோ?”